பெங்களூருவில் முதல் பிஸ்டல்: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது

பிஸ்டல் வாங்க நினைப்பவர்களில் பலர் முதலில் யூடியூபைத்தான் திறக்கிறார்கள். அங்கே காட்டப்படுவது பெரும்பாலும் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் 9 மி.மீ. பிஸ்டல்கள். நம் நாட்டில் 9 மி.மீ. என்பது ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டா. அதனால் அது தடைசெய்யப்பட்ட ரகத்தில் வருகிறது, சாதாரண உரிமத்தில் கிடைக்காது. அங்குலக் கணக்கில் சொல்லும் .45-க்கும் இதே கதிதான். ஆகவே க்ளாக்கா சிக் சாவரா என்று இரவெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்ததை அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள். இங்கே உங்கள் முன்னால் இருக்கப்போவது .32 பிஸ்டல். அதில் எது நம்பகமானது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் பேச்சு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிஸ்டலின் நம்பகத்தன்மை பெயரில் இல்லை. அந்தத் துப்பாக்கி, தோட்டாவை அடுக்கிச் செருகும் அதன் மேகசின், நீங்கள் போடும் தோட்டா, உங்கள் பிடி, இந்த நான்கும் சேர்ந்து தடங்காமல் ஓடுகிறதா என்பதில்தான் இருக்கிறது. அதைச் சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். நமக்கோ வருடத்துக்கு வாங்கக்கூடிய தோட்டாவுக்கு வரம்பு உண்டு. எனவே தோட்டாவைச் செலவழிக்காமல் பார்க்க வேண்டியதையெல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும்.

எதற்காக வாங்குகிறீர்கள்?

ரேஞ்சில் சுட மட்டும்தான் ஆசை என்றால் உங்களுக்கு .32 தேவையே இல்லை. 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல் போதும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி .177 அளவுக்கு மேற்படாத, 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டல்கள் இந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கின்றன. கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வாங்கிப் பதிவு செய்துகொள்வார்கள், அவ்வளவுதான். மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கியது இந்த ஏர் பிஸ்டலில்தான். 10 மீட்டர் தூரத்தில் வைக்கும் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மி.மீ. அகலம்தான். அதில் ஒழுங்காகச் சுடப் பழகியவருக்கு வேறு எந்தப் பிஸ்டலும் கைவசப்படும்.

தற்காப்புக்கு என்றால் உங்களையே கொஞ்சம் கடுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நகை வியாபாரம், பெரிய தொகையோடு இரவில் திரும்பும் தொழில், ஆனேக்கல் பக்கம் தனித்தோட்டத்தில் குடியிருப்பு, ஏற்கெனவே வந்த மிரட்டலும் அதற்கான போலீஸ் புகாரும், இப்படி ஏதாவது நிஜமான காரணம் இருந்தால் விண்ணப்பியுங்கள். “வீட்டில் ஒன்று இருக்கட்டுமே” என்பது காரணமாகாது. வீட்டில் குடிப்பழக்கமோ, ஓயாத சண்டையோ, மனச்சோர்வில் இருக்கும் ஒருவரோ இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். திருடனால் வரும் ஆபத்தைவிட அலமாரியில் இருக்கும் பிஸ்டலால் வரும் ஆபத்து அந்த வீட்டில் பெரியது.

இரண்டு வேலைக்கும் ஒரே பிஸ்டல் ஆகுமா என்றால், முழுதாக ஆகாது. இடுப்பில் வைக்கும் சிறிய .32-ஐ ரேஞ்சில் சுடலாம், சுடவும் வேண்டும். ஆனால் குட்டைக் குழலும் குறிபார்க்கும் சின்ன சைட்டும் வைத்துக்கொண்டு போட்டிக்குப் போக முடியாது. எடுத்துப்போக ஒரு .32, பழக ஒரு ஏர் பிஸ்டல் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதுதான் என் கணக்கில் சரி. ஏர் பிஸ்டலுக்கான ஈயக்குண்டுகளைத் தோட்டாவோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு, தினமும் சுடலாம்.

உரிமம்

பெங்களூரு நகர எல்லைக்குள் குடியிருந்தால் உரிமம் தருபவர் போலீஸ் கமிஷனர். அலுவலகம் இன்ஃபன்ட்ரி ரோட்டில். எல்லைக்கு வெளியே இருந்தால் மாவட்ட ஆட்சியர், இங்குள்ள பேச்சில் டி.சி. ஆபீஸ். தனிநபர் விண்ணப்பப் படிவம் ஏ-1. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று வேண்டும். கர்நாடக போலீஸின் ஆயுதப்படைப் பிரிவுகள் பொதுமக்களுக்கு நடத்தும் துப்பாக்கிப் பயிற்சி முகாமை இங்கே ‘நாகரிக பந்தூக்கு தரபேத்தி’ என்பார்கள். அதில் சேர வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். அங்கே சுடுவது பெரிய ரைஃபிளாக இருந்தாலும், துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி நிற்பது, எப்போது வாயை மூடிக்கொண்டு கட்டளைக்குக் காத்திருப்பது என்பதெல்லாம் அங்கே படியும்.

பெங்களூருத் தமிழர்களான நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டேஷன் விசாரணையில் எழுதப்படும் வாக்குமூலம் கன்னடத்தில் இருக்கும். பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர்கள் நம்மில் அதிகம். கையெழுத்துப் போடும் முன், படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப்போய் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய வழக்கு, வாடகை வீட்டு முகவரி, தொழில் விவரம் இவற்றில் விண்ணப்பத்துக்கும் அறிக்கைக்கும் ஒரு வரி முரண்பட்டாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். குடகு நண்பர் உரிமமே இல்லாமல் வைத்திருக்கிறாரே என்று சிலர் கேட்பார்கள். கொடவர்களுக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நிலம் உடையவர்களுக்கும் அந்த விலக்கு உண்டு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். அது அவர்களுக்கு மட்டும்தான், உங்களுக்கு எந்த வகையிலும் பொருந்தாது.

.32 என்றால் எந்த .32?

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பிஸ்டலுக்குப் போடும் .32 ஏ.சி.பி. வேறு, ரிவால்வருக்குப் போடும் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் வேறு. முதலாவதை 7.65 மி.மீ. என்றும் சொல்வார்கள். ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1899-இல் வந்த தோட்டா அது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. கடையில் “முப்பத்திரண்டு கொடுங்க” என்று சொல்லாமல் முழுப்பெயரையும் சொல்லிக் கேளுங்கள், பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள்.

இந்த .32 ஏ.சி.பி. தோட்டாவின் அடிப்பகுதியில் மெல்லிய விளிம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் ஏற்றும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய் மாட்டிக்கொண்டால் மேல் தோட்டா முன்னே நகராது, பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு தள்ளினாலும் ஏறாது. பிஸ்டல் பழுது என்று நினைத்துக்கொண்டு வருபவர்களில் சிலருக்கு உண்மையில் இதுதான் நடந்திருக்கும். ஒவ்வொரு தோட்டாவையும் முன்பக்கமாக அழுத்தி, பின்னோக்கித் தள்ளி ஏற்றுங்கள். முடிந்ததும் மேகசினின் பின்சுவரை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுங்கள், தோட்டாக்கள் வரிசையாகிவிடும்.

உள்நாட்டுத் தோட்டாவை, அதைச் செய்யும் கிர்க்கி ஆலையின் பெயரைச் சுருக்கி, எல்லோரும் கே.எஃப். என்றுதான் சொல்வார்கள். வாங்கும்போது பெட்டியின் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். பச்சை பிடித்த பித்தளை, ஆடும் குண்டு, குழி விழுந்த பிரைமர் (அடியில் நடுவே இருக்கும், ஊசி குத்தியதும் பற்றும் பொட்டு) இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதிய உள்நாட்டுப் பிஸ்டலா, பழைய வெளிநாட்டுப் பிஸ்டலா?

புதிதாக வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி பெயரோடு வரும் அஷானி. ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டு 2021 அக்டோபர் 1 முதல் கலைக்கப்பட்டு 7 அரசு நிறுவனங்களாகப் பிரிந்தது. துப்பாக்கிகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.டபிள்யூ.ஈ.ஐ.எல். என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. ரிவால்வர் பக்கம் 2014-இல் நிர்பீக்கும் 2023-இல் பிரபலும் வந்தன. ஹரியானாவின் ஹிசாரில் ஜிந்தால் குழுமமும் பிரேசிலின் டாரஸும் சேர்ந்து தொடங்கிய ஆலை போலத் தனியார் தயாரிப்புகளும் இப்போது சந்தையில் உண்டு. எதுவானாலும் புதியது என்றாலே லட்ச ரூபாய்க் கணக்குதான்.

இன்னொரு பக்கம் பழைய வெளிநாட்டுச் சரக்கு இருக்கிறது. வால்தர் பிபி, பிபிகே, பெரெட்டா, லாமா, வெப்ளி ஸ்காட். பெயரைக் கேட்டாலே கண் விரியும். வேலைப்பாடும் நிஜமாகவே அழகுதான். ஆனால் 1980-களின் நடுவிலேயே தனிநபர் இறக்குமதி நின்றுபோனது. இன்று கைமாறும் வெளிநாட்டுப் பிஸ்டல் அனேகமாக 40 வயதைத் தாண்டியது. சிலது நம் தாத்தா காலத்தது. அதன் விலை ஏறியிருப்பது புதிதாக வருவதில்லை என்பதால்தான், நன்றாகச் சுடுகிறது என்பதால் அல்ல. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மேகசின் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அது கெட்டால் இன்னொன்றுக்கு ஊர் ஊராகத் தேட வேண்டும். கூட்டைப் பின்னே இழுக்கும் கொக்கியான எக்ஸ்டிராக்டர் உடைந்தால் யாரோ அரத்தால் ராவிச் செய்துகொடுப்பதை நம்பி உயிரை வைக்க வேண்டும். சேகரிக்கும் ஆசை இருப்பவர் வாங்கட்டும். முதல் பிஸ்டலாக, தற்காப்புக்கு என்றால் என் தீர்ப்பு தெளிவானது. இரண்டு மேகசினோடு, உதிரி கிடைக்கும் நிலையில் உள்ள புதிய உள்நாட்டுப் பிஸ்டல்.

கையில் வலு குறைந்தவர்கள், வயதானவர்கள், விரலில் வாதம் உள்ளவர்கள் ரிவால்வரையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சிறிய .32 பிஸ்டல்களில், சுடும்போது ஸ்லைடு சட்டென்று பின்னே வராமல் தாங்குவது அதன் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான். அதனால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். இழுக்க முடியாத ஸ்லைடை வைத்துக்கொண்டு பயனில்லை.

கடை மேசையில் அரை மணி நேரம்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். பணம் மிச்சமாவதும் இங்கேதான், தலைவலி மிச்சமாவதும் இங்கேதான்.

அல்சூரில் ராணுவத்தின் எம்.ஈ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) மையம் இருப்பதால் ஓய்வு பெற்ற தமிழ்ச் சிப்பாய்கள் அந்தப் பக்கம் நிறையக் குடியிருக்கிறார்கள். அப்படி ஒரு சுபேதார் ஐயாவிடம் நான் பார்த்துக் கற்றதைத்தான் சொல்கிறேன். கடைக்காரர் பிஸ்டலை நீட்டியதும் அவர் பிராண்டைப் பார்க்கமாட்டார். குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மேகசினை உருவி மேசையில் வைப்பார். ஸ்லைடைப் பின்னே இழுத்துப் பிடித்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் பார்ப்பார், பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவுவார். கடைக்காரர் “காலிதான் சார்” என்று ஏற்கெனவே சொல்லியிருப்பார். “அவர் சொன்னது அவருக்கு தம்பி, உன் கைக்கு வந்தா நீ பாரு” என்பார். மேகசினை எடுத்த பிறகும் சேம்பரில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். பிஸ்டலால் நடக்கும் விபத்துகளில் பல அந்த ஒரு தோட்டாவால் வந்தவை.

அதற்குப் பிறகு மேகசின். இரண்டு மேகசினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலுதடுகளை ஒப்பிடுங்கள். இரண்டு உதடுகளும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் லேசாக விரிந்திருந்தாலும் தோட்டா கோணலாக ஏறும். உள்தட்டைப் பெருவிரலால் அழுத்தி விடுங்கள், திக்காமல் மேலே வர வேண்டும். காலி மேகசினைப் பிஸ்டலில் போட்டுப் பட்டனை அழுத்தினால் தானாகக் கழன்று வர வேண்டும். சில பிஸ்டல்களில் பூட்டு கீழே பின்பக்கம் இருக்கும், அதைத் தள்ளிக் கையால்தான் உருவ வேண்டும். எது உங்களுடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குழலைக் கழற்றித் தரச் சொல்லி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். நடுவில் கருப்பு வளையம் போல ஒரு நிழல் தெரிந்தால் குழல் உள்ளுக்குள் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். குழலுக்குள் சிக்கிய குண்டின் மேல் இன்னொன்றைச் சுட்டவர்கள் விட்டுப்போகும் அடையாளம் அது. அந்தப் பிஸ்டலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும். புரூஃப் சோதனை முத்திரை இருக்கிறதா, குழலிலும் ஸ்லைடிலும் ஃபிரேமிலும் அடித்திருக்கும் எண்கள் பில்லோடும் உரிமத்தில் ஏறப்போகும் எண்ணோடும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள்.

மருந்தில்லாத டம்மி தோட்டா இருக்கிறதா என்று கேளுங்கள். மேகசினை டம்மியால் நிரப்பி, ஸ்லைடை முழுதாக இழுத்துச் சட்டென்று விடுங்கள். கையோடு சேர்த்து மெதுவாக முன்னே கொண்டுபோகாதீர்கள், அப்படிச் செய்தால் நல்ல பிஸ்டலும் திக்கும். ஒவ்வொரு டம்மியும் ஏறி, அடுத்த இழுப்பில் பக்கவாட்டில் தெறித்து வெளியே விழ வேண்டும். விழாமல் தொங்கினால் எக்ஸ்டிராக்டரைச் சந்தேகியுங்கள்.

சேஃப்டியைப் போட்டு டிரிகரை அழுத்திப் பாருங்கள், எதுவும் நடக்கக்கூடாது. விரலை எடுத்துவிட்டுச் சேஃப்டியைத் தளர்த்துங்கள், அப்போதும் எதுவும் நடக்கக்கூடாது. பிறகு டிரிகர். முதல் அழுத்தம் நீளமும் கனமுமாக, அடுத்தது லேசாக இருக்கும் வகை உண்டு. எல்லா அழுத்தமும் ஒரே மாதிரி இருக்கும் வகையும் உண்டு. புதியவருக்கு இரண்டாவது பழக எளிது. கடைசியாகப் பிடி. ஆட்காட்டி விரலின் முதல் கணு டிரிகரில் இயல்பாகப் படிகிறதா, ஸ்லைடு பின்னே வரும்போது பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கீறுகிறதா என்று பாருங்கள். சின்னப் பிஸ்டல், பெரிய கை என்றால் கீறல் நிச்சயம். ரத்தம் பார்த்த கை அடுத்த முறை தானாகவே பிடியைத் தளர்த்தும், குறியும் போய்விடும்.

முதல் 50 தோட்டா

புதுப் பிஸ்டல் சேமிப்பு கிரீஸோடு வரும். அதைத் துடைத்தெடுத்து, ஸ்லைடு ஓடும் தடங்களில் மட்டும் மெல்லிய எண்ணெய் தடவிவிட்டு ரேஞ்சுக்குப் போங்கள். கண்ணாடியும் காது மூடியும் கட்டாயம். கர்நாடக மாநில ரைஃபிள் சங்கத்தோடு இணைந்த கிளப்பாகப் பார்த்துச் சேருங்கள். சொந்த .32 பிஸ்டலை அங்கே சுட அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஏர் பிஸ்டல் மட்டும் அனுமதிக்கும் இடங்கள்தான் நகருக்குள் அதிகம்.

மேகசின்களில் மார்க்கரால் 1, 2 என்று எழுதுங்கள். ஒரு சின்ன நோட்டு வேண்டும். முதலில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். அப்புறம் இரண்டு. பிஸ்டல் ஒரே அழுத்தத்தில் இரண்டையும் சுட்டுவிட்டால் உள்ளே பழுது, உடனே நிறுத்திக் கடைக்குத் திருப்பி எடுத்துப்போங்கள். அது நடக்கவில்லை என்றால் முழு மேகசின். தடங்கல் வரும்போதெல்லாம் பதறாமல், குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, என்ன ஆனது என்று பாருங்கள். எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, எப்படி நின்றது. மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்து அந்த நோட்டைப் பார்த்தால் நோய் தெரிந்துவிடும். தடங்கல் எல்லாம் 2-ஆம் மேகசினில்தான் என்றால் மேகசின் மாற்றினால் போதும். சுட்ட கூடு ஸ்லைடுக்கும் குழலுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கிறது, எந்த மேகசினிலும் நிற்கிறது என்றால் எக்ஸ்டிராக்டரோ ஸ்பிரிங்கோ தோட்டாவின் வலுவோ காரணமாகலாம். அதற்கு முன்னால் உங்கள் பெருவிரல் ஸ்லைடில் உரசுகிறதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். டிரிகர் விழுந்தும் வெடிக்காமல் பிரைமரில் ஆழமில்லாத குழி மட்டும் விழுந்திருந்தால், அதே பெட்டித் தோட்டாவை வேறொரு பிஸ்டலில் போட்டு அங்கே வெடிக்கிறதா என்று பயிற்சியாளர் பார்க்கட்டும். அங்கே வெடித்தால் உங்கள் பிஸ்டலின் ஊசியிலோ ஸ்பிரிங்கிலோதான் குறை. வெடிக்காத தோட்டாவோடு குழலை உடனே திறக்காதீர்கள். இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருந்து பிறகு எடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. வழக்கமான ஓசை வராமல் “புஸ்” என்று மெலிந்த சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் கை போகும். மேகசினை எடுத்து, சேம்பரைக் காலி செய்து, குழலைக் கழற்றி வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபேச்சு.

எத்தனை சுட்டால் நம்பலாம்? ஆயிரம் தோட்டா கணக்குச் சொல்பவர்கள் நம் ஒதுக்கீட்டில் வாழ்பவர்கள் இல்லை. நீங்கள் எடுத்துப்போகப் போகும் அதே தோட்டாவில், இரண்டு மேகசினையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு தடங்கலும் இல்லாமல் தொடர்ச்சியாக 50 ஓடினால் நான் நம்புவேன். நடுவில் ஒன்று நின்றாலும் காரணத்தைச் சரிசெய்து, எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குங்கள்.

குறி விஷயத்தில் ஒன்றே ஒன்று. முன் சைட்டைத் தெளிவாகப் பாருங்கள், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. வெடிக்கும் நொடியை எதிர்பார்க்காமல் டிரிகரைச் சீராக அழுத்துங்கள். இதை வீட்டில் டம்மி தோட்டாவோடு, நிஜத் தோட்டா வேறு அறையில் பூட்டியிருக்க, தினம் பத்து நிமிடம் செய்தாலே கை மாறும்.

எடுத்துப்போவது

2016 விதிகள் கைத்துப்பாக்கியை உறையில் வைத்து, வெளியே தெரியாமல் முழுதாக மூடி, உங்கள் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்கச் சொல்கின்றன. சட்டைப் பையில், ஸ்கூட்டர் டிக்கியில், கார் டேஷ்போர்டில் வைப்பது கூடாது. டிரிகரை முழுதாக மூடும் விறைப்பான உறை, அதைத் தாங்கும் கனமான பெல்ட், இரண்டுக்கும் பணத்தைப் பார்க்காதீர்கள். மெல்லிய துணி உறையில் டிரிகர் மேல் ஏதாவது அழுத்த வாய்ப்பு உண்டு.

சேம்பரில் தோட்டாவோடு எடுத்துப்போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். புதியவருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். பழைய வடிவமைப்புகளில் ஊசியைத் தடுத்துப் பிடிக்கும் பூட்டு இல்லாதவை உண்டு, கீழே விழுந்தால் வெடிக்கலாம். மேகசின் நிரம்பியிருக்கட்டும், சேம்பர் காலியாக இருக்கட்டும். பயிற்சியாளர் உங்களைப் பார்த்து, போதும் என்று சொல்லும் வரை இதை மாற்றாதீர்கள்.

கல்யாணத்தில், கோயில் விழாவில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு 2019 திருத்தத்தில் 2 ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. மெட்ரோ, மால், கோர்ட் வாசலில் நிறுத்துவார்கள், அங்கே போகும் நாளில் வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போங்கள். விமானத்தில் முன்கூட்டியே அறிவித்து, காலி செய்து, செக்-இன் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும்.

நம்மவர்கள் அடிக்கடி மறக்கும் இடம் அத்திப்பள்ளி. பொங்கலுக்குச் சேலம், வேலூர் என்று கிளம்பும்போது அந்த சோதனைச்சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. உரிமத்தில் செல்லுபடியாகும் பகுதி கர்நாடகம் என்று மட்டும் எழுதியிருந்தால் ஓசூரில் உங்கள் இடுப்பில் இருப்பது உரிமமில்லாத ஆயுதம். பயணம் அடிக்கடி உண்டு என்றால் விண்ணப்பத்திலேயே காரணத்தோடு அகில இந்தியச் செல்லுபடி கேளுங்கள். கிடைக்காதவரை ஊருக்குப் போகும்போது பிஸ்டல் வராது.

சுடும் உரிமை பற்றியும் தெளிவு வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைச் சொல்கின்றன. ஆபத்துக்கு ஏற்ற அளவுதான் எதிர்ப்பு, போலீஸை அழைக்க நேரமிருந்தால் அந்த உரிமை இல்லை. ஓடும் திருடனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்லி நிற்க முடியாது. ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து இந்தப் பிரிவுகளைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள், உறை வாங்குவதற்கு முன்பே.

வீட்டில்

சுவரிலோ தரையிலோ திருகி இறுக்கிய இரும்புப் பெட்டி. தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது, தெரியாது என்று நம்பவும் கூடாது. பீரோ துணிக்கு அடியில் எது இருக்கிறது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தோல் உறையிலேயே விட்டுப் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரண்டு மழைக்காலத்தில் ஸ்லைடில் துரு புள்ளி வைக்கும். சுட்ட அன்றே குழலைத் துலக்குங்கள். சுடாவிட்டாலும் மாதம் ஒருமுறை துடைத்து, பழைய எண்ணெயை எடுத்துவிட்டுப் புதியதை மெல்லிதாகப் போடுங்கள். எண்ணெய் கூடினால் தூசி ஒட்டிப் பிசினாகும். இடுப்பில் வியர்வையோடு இருந்த தோட்டாக்களைப் பத்திரப்படுத்திக்கொண்டே இருக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை ரேஞ்சில் சுட்டுவிட்டுப் புதியது போடுங்கள்.

வீட்டில் யாருக்காவது மனநிலை சரியில்லாத காலம் வந்தால் கூச்சப்படாமல் பிஸ்டலை ஆயுதக் கடையிலோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்துவிடுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. உரிமம் ஒன்றும் போய்விடாது.

தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும். ஒப்படைக்கும்போது மேகசின் எண்ணிக்கை, பிஸ்டலின் எண், கீறல் உட்பட அதன் நிலை ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்குங்கள். எண்ணெய் தடவி, தோல் இல்லாத உறையில் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே சேம்பரைத் திறந்து பாருங்கள். வீட்டுக்கு வந்து கழற்றித் துலக்கி, அடுத்த ரேஞ்ச் நாளில் ஒவ்வொரு மேகசினிலும் ஒரு முறை சுட்டு, நோட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகு இடுப்பில் வையுங்கள்.